மெஹராஜ் பானு கேட்டது

ஜன்னல் பக்கம் வேணும்னா வாங்கண்ணே, மாறி உக்காந்துக்கலாம். எனக்கு இன்னைக்கு வெளிய பாக்குற மனசு இல்ல.

வேலை விஷயமா வந்தீங்களான்னு கேட்டீங்கல்ல. இல்ல. மேலப்பாளையத்துல ஒரு அம்மாவைப் பாத்து மன்னிப்பு கேக்க வந்தேன். கேட்டுட்டேன். கேட்டும் ஒண்ணும் சரியான மாதிரி இல்ல. அதான் இந்த லேப்டாப்பைத் தொறந்து வச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்கேன்.

கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லண்ணே. சண்டையும் இல்ல. கம்ப்யூட்டர் விஷயம்தான். சொன்னா, இதுக்கா ஒருத்தன் மதுரையிலிருந்து பஸ் ஏறி வந்தான்னு நினைப்பீங்க. மதுரை வரைக்கும் வர்றீங்கதானே, அப்ப மொதல்லயிருந்தே சொல்றேன்.

என் பேரு சுகந்தன். வயித்துப்பாட்டுக்கு ஒரு கம்பெனியில இருக்கேன். அது கிடக்கட்டும். வீட்டுல உக்காந்து என் ஆசைக்கு ஒரு புரோகிராம் எழுதினேன். ஒலிவாசின்னு பேரு. கண்ணு தெரியாதவங்க கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா, ஸ்கிரீன்ல இருக்கிற தமிழை அது சத்தமா வாசிக்கும். வேற புரோகிராமும் இருக்கு. ஆனா அதுல தமிழ் எழுத்து எழுத்தா வரும். க, ட, ல்னு. என்னோடது சொல்லா, வாக்கியமா வாசிக்கும். யாரு வேணா எடுத்துக்கலாம், உள்ள பிரிச்சும் பாக்கலாம், திருத்தலாம். ஓப்பன் சோர்ஸ்னு சொல்வாங்க, கேள்விப்பட்டிருப்பீங்க.

நான் எழுதிட்டா மட்டும் அது ஜனங்ககிட்ட போயிடாதுண்ணே. இதைத்தான் நானே ரொம்ப நாள் புரிஞ்சுக்காம இருந்தேன். லினக்ஸ்னு ஒண்ணு இருக்குல்ல, அதைத் தொகுப்பா வெளியிடுறவங்க இருக்காங்க. உலகம் பூரா இருந்து ஆளுங்க, சும்மா, ஆர்வத்துக்குச் செய்றாங்க. அவங்க தொகுப்புக்குள்ள ஒரு புரோகிராம் போகணும்னா ஒருத்தர் பொறுப்பெடுத்து அதைப் பேக்கேஜ் பண்ணணும். உள்ள என்ன இருக்குன்னு பாக்கணும், யாரு எழுதினது, எல்லாருக்கும் குடுக்க அனுமதி இருக்கான்னு பாக்கணும், மத்ததோட மோதாம ஓடுதான்னு பாக்கணும். அப்புறம்தான் உள்ள விடுவாங்க. அதுக்குள்ள இருந்தா நெட்டு இல்லாத ஸ்கூல்லகூட ஒரு பென் டிரைவ்ல எல்லாமே வந்துரும்.

ஒலிவாசிக்கு அந்தப் பொறுப்பை எடுத்தவங்கதான் மெஹராஜ் பானு. நான் போய்க் கேக்கல. அவங்களாவே ஒருநாள் மெயில் போட்டாங்க, 'உங்க புரோகிராமை நான் பேக்கேஜ் பண்றேன், ஆட்சேபணை உண்டா'ன்னு. கீழ மெஹராஜ்னு மட்டும் இருந்துச்சு. நான் ஆம்பளைன்னு நினைச்சுக்கிட்டேன். வருஷக்கணக்கா 'சார் சார்'னே எழுதிக்கிட்டிருந்தேன். அவங்களும் திருத்தல. நான் புதுசா திருத்தி வெளியிட்டா ஒரு வாரத்துக்குள்ள அது தொகுப்புக்குள்ள போயிருக்கும். எப்படிப் போகுதுன்னு நான் யோசிச்சதே இல்ல. குழாயைத் திருப்பினா தண்ணி வருது, யாரு மோட்டர் போடுறாங்கன்னு கேக்குறோமா. அப்படி.

அப்புறம்தான் எனக்கு அந்த ஆசை வந்துச்சு. குரல் இன்னும் நல்லா இருக்கணும்னு.

பழைய குரல் கொஞ்சம் தகரம் மாதிரி இருக்கும். வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் அருமையா ஒரு குரல் இன்ஜின் எழுதி நெட்ல போட்டிருந்தான். அதை எடுத்து ஒலிவாசியில சேத்தேன். ஒரே வரிண்ணே. 'இது வேணும்'னு ஒரு வரி எழுதினா போதும். டிபெண்டென்சின்னு சொல்வோம், நம்மது ஓடணும்னா கூடவே இருந்தாகவேண்டிய சாமான். ஆனா அந்த ஒண்ணு தனியா வர்றதில்ல. அதுக்கு நாலு வேணும், அந்த நாலுக்கும் ஆளுக்கு அஞ்சாறு வேணும். கல்யாணத்துக்கு ஒருத்தரைக் கூப்பிட்டா தெருவே வர்ற மாதிரி, நாப்பதுக்கு மேல வந்துருச்சு. ஒண்ணுகூட அந்தத் தொகுப்புல கிடையாது.

எனக்கு அது தெரியவே இல்ல. என் மெஷின்ல நெட் இருக்கு, தானா எல்லாத்தையும் இறக்கிக்குச்சு. குரல் கேட்டா தேன் மாதிரி இருந்துச்சு. வெளியிட்டேன். பாராட்டு குவிஞ்சுது.

மெஹராஜ்கிட்டயிருந்து மெயில் வந்துச்சு. 'குரல் ரொம்ப நல்லா இருக்கு. ஆனா இதுல வர்ற எதுவுமே எங்க தொகுப்புல இல்ல. ஒவ்வொண்ணையும் நான் தனித்தனியா பேக்கேஜ் பண்ணியாகணும். ஒரு உதவி பண்ண முடியுமா? இந்தக் குரல் இருந்தா எடுத்துக்கோ, இல்லைன்னா பழைய குரல்லயே வாசின்னு புரோகிராமை மாத்தித் தர்றீங்களா?'

இவ்வளவுதான் கேட்டாங்க.

நான் என்ன பதில் போட்டேன்னா, இப்ப எல்லாரும் நேரடியா நெட்லயிருந்தே இறக்கிக்கிறாங்க, ஒரே கமாண்டு, இந்தக் காலத்துல இன்னும் எதுக்கு இப்படிக் கஷ்டப்படுறீங்கன்னு எழுதினேன். மரியாதையாத்தான் எழுதினேன். திரும்ப எடுத்து வாசிச்சுப் பாத்தேன், மரியாதையாத்தான் இருக்கு. அதான் இன்னும் மோசமா இருக்கு.

அவங்க வாதாடல. 'இதைப் பயன்படுத்துற ஸ்கூல்கள்ல பாதி இடத்துல நெட் இல்ல. சரி, நான் பாத்துக்குறேன்'னு போட்டாங்க. நான் பாத்துக்குறேன்னு சொன்னதும் பிரச்சினை முடிஞ்சுதுன்னு நான் விட்டுட்டேன்.

அவங்க ஒவ்வொண்ணா ஆரம்பிச்சிருக்காங்க. வேலைக்குப் போயிட்டு வந்து, வீட்டையும் பாத்துக்கிட்டு. ஒரு சாமானை எழுதினவன் அனுமதி என்னன்னே போடாம விட்டிருப்பான், அவனுக்கு மெயில் போட்டு, பதில் வரக் காத்திருந்து. சில பேரு பதிலே போடமாட்டான். சில பேரு எரிஞ்சு விழுவான். இதெல்லாம் எனக்கு அப்பத் தெரியாது. நடுநடுவுல, 'இதுல இந்தப் பிழை இருக்கு, திருத்தம் அனுப்பியிருக்கேன்'னு மெயில் வரும். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுற பொம்மையை அனுப்புவேன்.

பல மாசம் ஓடிப்போச்சு. அதுக்குள்ள அந்த வெளிநாட்டுக்காரனோடது இல்லாம இன்னொரு இன்ஜின் வந்துச்சு. குரல் அதே மாதிரிதான். கொஞ்சம் வேகம் ஜாஸ்தி. ஒரு மத்தியானம் சாப்பிட்டுட்டு உக்காந்தேன், பழசை எடுத்துட்டுப் புதுசைப் போட்டேன். அதுக்கும் அதே ஒரு வரிதான். புதுசுக்கு அதோட பரிவாரம் வேற. முன்னாடி வந்த நாப்பதுல பெரும்பாலானது இப்ப வேண்டாம்னு ஆயிருச்சு.

அவங்களை எனக்கு ஞாபகமே வரலண்ணே. வேணும்னு பண்ணல. சத்தியமா ஞாபகம் வரல.

ரெண்டு நாள் கழிச்சு தொகுப்போட பொதுப் பக்கத்துல ஒரு அறிவிப்பு வந்துச்சு. 'ஒலிவாசியை இனி நான் பராமரிக்கல. அநாதை.' அப்படித்தான் போடுவாங்க, பாத்துக்க யாரும் இல்லாத பேக்கேஜுக்கு அங்க அதான் பேரு. காரணம் ஒண்ணும் எழுதல. எனக்குத் தனியா மெயிலும் இல்ல. நான் அதைப் பாத்துட்டு, சரி வேற யாராவது எடுப்பாங்கன்னு நினைச்சேன். யாரும் எடுக்கல. அடுத்த தொகுப்பு வெளிய வந்தப்ப அதுக்குள்ள ஒலிவாசி இல்ல.

இது கயத்தாறா? இல்ல, இன்னும் வரல. அடுத்து கோவில்பட்டியில நிப்பாட்டுவான், டீ குடிக்கணும்னா அங்க குடிக்கலாம்.

ஞானதுரை சார்னு ஒருத்தர். விருதுநகர் தாண்டி ஒரு ஊர்ல, பார்வையில்லாத பிள்ளைங்க படிக்கிற ஸ்கூல்ல தமிழ் வாத்தியார். அவருக்கும் பிறவியிலேயே பார்வை இல்ல. லீவுல தன்னார்வலர் பசங்க சில பேரு போய், பழசு பாதுகாப்பு இல்லன்னு சொல்லி அங்க இருந்த கம்ப்யூட்டர் எல்லாத்துலயும் புதுத் தொகுப்பைப் போட்டுக் குடுத்திருக்காங்க. நல்லதுக்குத்தான் பண்ணினாங்க. ஸ்கூல் தொறந்து ஆன் பண்ணினா, வாசிக்கிறதுக்கு ஆளில்ல.

எப்படியோ என் நம்பரைப் பிடிச்சுப் போன் பண்ணினார். கோபமே இல்ல. "சார், ஒலிவாசி ஊமையாப் போச்சு. எங்க பக்கம் ஏதாச்சும் தப்பா அமுக்கிட்டோமா?"ன்னு கேட்டார்.

நீங்க தப்பு ஒண்ணும் பண்ணல சார், நானே வர்றேன்னு சொன்னேன். ஒரு சனிக்கிழமை போனேன். என் போன்லயிருந்தே நெட் குடுத்து இறக்கிப் பாத்தேன். அரை மணி நேரம் ஓடுச்சு, பாதியில நின்னுச்சு. என்னடான்னு பாத்தா, அந்தப் பரிவாரத்துல ஒரு சின்னச் சாமான், யாரோ எழுதினவன் மனசு மாறி நெட்லயிருந்தே எடுத்துட்டான். எங்க தேடியும் கிடைக்கல. என் மெஷின்ல ஓடுதே, ஏன்னா முன்னாடியே இறக்கி வச்சது உள்ள கிடக்கு. அதுவும் வேற ரகம், அந்த மெஷின்கள்ல ஏறல. நான் எழுதின புரோகிராமை என்னாலேயே அங்க ஓடவைக்க முடியல. அந்த ரூம்ல நான் ஒருத்தன்தான் கண்ணு தெரிஞ்சவன். ஸ்கிரீனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்.

சார் என் பக்கத்துலயே உக்காந்திருந்தார். "வரலையா?"ன்னார்.

"இன்னைக்கு வராது சார்."

"சரி விடுங்க. வந்தது வந்துட்டீங்க, ஒரு உபகாரம் பண்ணுங்க. பிள்ளைங்க கட்டுரை டைப் பண்ணி வச்சிருக்குதுங்க, மார்க் போடணும். முன்னெல்லாம் ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு நானே கேட்டுப் போட்டுருவேன். இப்ப ஒவ்வொரு வாத்தியார்கிட்டயும் கெஞ்ச வேண்டியிருக்கு. கொஞ்சம் வாசிங்களேன்."

வாசிச்சேன். 'என் வீடு'ன்னு தலைப்பு. மொத பையன் அவங்க வீட்டு ஆடு பத்தி எழுதியிருந்தான். சார் சிரிச்சுக்கிட்டே கேட்டார். ரெண்டாவது ஒரு பொண்ணு. பத்தாவது படிக்குது. 'எங்கள் வீட்டிற்கு விருந்தினர் வந்தால் என்னை உள் அறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். யார் யார் வந்திருக்கிறார்கள் என்று குரலை வைத்துக் கண்டுபிடிப்பேன். அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று என்னைப் பற்றி யாரோ கேட்டார்கள். அம்மா, எங்களுக்கு ஒரே பெண்தான் என்று சொன்னாள். ஐயா, இதை நீங்கள் மட்டும்தான் கேட்பீர்கள் என்பதால் எழுதுகிறேன்.'

நான் நிறுத்திட்டேன்.

"ஏன், முடிஞ்சிருச்சா?"ன்னார் சார்.

"இல்ல சார். நீங்க மட்டும்தான் கேப்பீங்கன்னு போட்டிருக்கு."

அவர் கையை மேஜை மேல வச்சு, விரலால தடவிக்கிட்டே இருந்தார். "அது சொன்னது சரிதான். போன வருஷம் வரைக்கும் நான் மட்டும்தான் கேட்டேன்"ன்னார். அப்புறம், "மிச்சத்தையும் வாசிங்க தம்பி. எனக்கு வேற வழி இல்லல்ல. சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கங்க"ன்னார்.

வாசிச்சேன். இன்னும் ஒரு பக்கம் இருந்துச்சு. வாசிச்சு முடிச்சதும் சார் என் கையைப் பிடிச்சு, இது இந்த ரூமை விட்டு வெளிய போகக்கூடாது தம்பின்னார். யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன் சார்னு சொன்னேன். அந்தப் பிள்ளை இப்ப கட்டுரையெல்லாம் ஆடு, மாடு, மழைன்னுதான் எழுதுதாம். சார் பின்னாடி போன்ல சொன்னார்.

அன்னைக்குத் திரும்பி வந்து உக்காந்தேண்ணே. மெஹராஜ் பானு மொதல்ல எழுதின மெயிலைத் தேடி எடுத்தேன். 'இருந்தா எடுத்துக்கோ, இல்லைன்னா பழைய குரல்லயே வாசி.' அதைச் செஞ்சேன். ஒரு வாரம்கூட ஆகல. எனக்கு ஒரு வாரம் மிச்சம் பண்ணுறதுக்கு அவங்களை அத்தனை மாசம் உழைக்க வச்சு, அந்த உழைப்பையும் சாப்பிட்ட கையோட தூக்கிப் போட்டிருக்கேன். பென் டிரைவ்ல போட்டு எடுத்துட்டுப் போய் ஸ்கூல்ல ஏத்தினேன். பழைய தகரக் குரல்தான். சார், "ஆங், இவன்தான் நம்ம ஆளு"ன்னார்.

அங்க சரியாப் போச்சு. ஆனா சார் போன் பண்ணினதால தெரிஞ்சுது. போன் பண்ணாதவங்க எத்தனை பேரு இருக்காங்களோ. எந்த ஊர்ல எவரு கம்ப்யூட்டரை ஆன் பண்ணிட்டு, நாமதான் ஏதோ தப்பா அமுக்கிட்டோம்னு உக்காந்திருக்காரோ. அவங்ககிட்ட போய்ச் சேரணும்னா மறுபடி தொகுப்புக்குள்ள போகணும். தொகுப்புக்குள்ள போகணும்னா யாராவது பொறுப்பெடுக்கணும்.

அதான் மெஹராஜ் சாருக்கு மெயில் போட்டு நம்பர் கேட்டேன். அனுப்பினாங்க. போன் பண்ணினா பொம்பளைக் குரல். "மெஹராஜ் சார் இருக்காங்களா?"ன்னு கேக்குறேன். "நான்தான் பேசுறேன்"ன்னாங்க. நேர்ல வந்து பாக்கணும்னு மட்டும் சொல்லி வச்சேன். "அப்படியென்ன அவசரம்? சரி, வாங்க"ன்னாங்க.

இன்னைக்குக் காலைல போனேன். அவங்க வீட்டுக்காரர்தான் கதவைத் தொறந்தார். நல்ல மனுஷன். உக்காரச் சொல்லி ஃபேனைப் போட்டார். "ஒலிவாசி தம்பியா? உங்க பேரு இந்த வீட்டுல ரொம்ப நாள் அடிபட்டுச்சு. நோம்பு மாசத்துலகூட நோம்பு தொறந்துட்டு நேரா அந்தக் கம்ப்யூட்டர் முன்னாடிதான் போய் உக்காருவா"ன்னார். குத்திக் காட்டல, சும்மா சொன்னார்.

அந்தம்மா வந்தாங்க. ஐம்பதை நெருங்கின வயசு. ஒரு காலேஜ்ல கம்ப்யூட்டர் லேப்பைப் பாத்துக்குறாங்க. அதுகூட எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். நான் ஏதோ பெரிய கம்பெனி சம்பளம் குடுத்து உக்கார வச்சிருக்குன்னு நினைச்சிருந்தேன்.

மன்னிப்பு கேட்டேன். பஸ்ல வரும்போதே என்ன சொல்லணும்னு யோசிச்சு வச்சிருந்தேன், அதை ஒரு வார்த்தை விடாம சொன்னேன். ஸ்கூல்ல நடந்ததையும் சொன்னேன். அந்தப் பிள்ளை எழுதினதையும் சொன்னேன், அப்பத்தான் எனக்கு எவ்வளவு வலிச்சுதுன்னு அவங்களுக்குப் புரியும்னு. அவங்க முகம் சுருங்கிருச்சு. "அதை ஏன் எங்கிட்ட சொல்றீங்க?"ன்னாங்க. கேக்கவே கஷ்டமா இருந்திருக்கும்போல. எளகின மனசு.

அப்புறம், "நான் அநாதைன்னு போட்டது நீங்க மாத்தினதுக்காக இல்ல"ன்னாங்க. "உங்க புரோகிராம், மாத்த உங்களுக்கு உரிமை இருக்கு. நீங்க மாத்தினது எனக்கு எப்படித் தெரிஞ்சுது தெரியுமா? கடைசி ரெண்டு சாமானை முடிச்சுட்டு, சேத்துப் பாக்கலாம்னு உங்க பக்கத்தைத் தொறந்தேன். எல்லாருக்குமான அறிவிப்புல இருந்துச்சு. அதுக்குக் கீழ நன்றின்னு போட்டு வரிசையா பேரு. நானும் ஒரு நிமிஷம் தேடிப் பாத்தேன்."

"புரோகிராம் எழுதுறதுல உதவினவங்களைத்தான் மேடம் அதுல போடுவோம்"னு சொன்னேன். அதானே வழக்கம். இருந்தாலும் சொல்லியிருக்க வேண்டாமோன்னு இப்பத் தோணுது.

"ஆமா, தெரியும்"னாங்க. "ஒரு வரி எனக்கு எழுதியிருக்கலாம். நிறுத்துங்க, நான் மாத்தப் போறேன்னு. அவ்வளவுதான்."

டீ வந்துச்சு. குடிச்சேன். எப்ப பேச்சைத் திருப்புறதுன்னு பாத்துக்கிட்டே இருந்து, கடைசியா கேட்டுட்டேன். இப்ப நீங்க சொன்ன மாதிரியே மாத்திட்டேன், வெளிச் சாமான் எதுவும் இல்லாமலே ஓடும், வேலை ரொம்பக் கம்மி, நீங்களே மறுபடி எடுத்துக்கிட்டா நல்லாருக்கும்னு.

அவங்க வீட்டுக்காரர் எந்திரிச்சு உள்ள போயிட்டார்.

"தம்பி, நீங்க மன்னிப்பு கேக்க வந்தீங்களா, வேலை குடுக்க வந்தீங்களா?"ன்னு கேட்டாங்க. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாங்க.

"ரெண்டும்தான் மேடம்"னேன். பொய் சொல்லக் கூடாதுல்ல.

"எனக்கு இப்ப சாயங்காலத்துல நேரம் இருக்கு"ன்னாங்க. "அத்தனை வருஷத்துக்கு அப்புறம் இப்பத்தான் இருக்கு. சும்மா உக்காந்திருக்கேன். மொட்டை மாடிக்குப் போறேன். அது எனக்குப் பிடிச்சிருக்கு தம்பி. நான் எடுத்துக்க மாட்டேன். எப்படிப் பண்றதுன்னு எல்லாமே தொகுப்போட பக்கத்துல எழுதி இருக்கு. உங்க புரோகிராமை உங்களைவிட யாருக்கு நல்லாத் தெரியும்? நீங்களே பண்ணுங்க."

பண்றேன்னு சொன்னேன். பண்ணித்தான் ஆகணும். நான் பண்ணினாலும் அதை அங்க ஒருத்தர் சரிபாத்து உள்ள விடணும். அவருக்கு நேரம் எப்போ கிடைக்குமோ. காத்துக் கிடக்கணும்.

அப்பத்தான் இந்த லேப்டாப்பைத் தொறந்து காட்டினேன். பரிசு மாதிரி கொண்டுபோயிருந்தேன் இதை. பாருங்க, நன்றின்னு இருக்கா, கீழ பேரெல்லாம் இருக்கு. எல்லாருக்கும் மேல, தனியா, தமிழ்லயே, மெஹராஜ் பானு. இதைப் பாத்தா கண் கலங்கிடுவாங்கன்னு நினைச்சேன்.

கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வாசிச்சாங்க. "நல்லா இருக்கு. எடுத்துருங்க"ன்னாங்க.

"ஏன் மேடம்? இது உங்களுக்குச் சேர வேண்டியது."

"மொதல்ல என் பேரு இருந்தா, ஓடலைன்னா ஜனங்க எனக்குத்தானே எழுதுவாங்க. அப்புறம் எப்படி நான் பதில் போடாம இருக்குறது? எடுத்துருங்க தம்பி."

அங்க வச்சே எடுத்திருக்கணும். சரி மேடம்னு மட்டும் சொல்லி மூடிட்டேன். வாசல் வரைக்கும் வந்தாங்க, பஸ் ஸ்டாண்டுக்கு எந்த ஆட்டோ போகும்னு சொன்னாங்க, பாத்துப் போங்கன்னாங்க. ஒரு கோபம் இல்லண்ணே. ஒரு வார்த்தை கடிஞ்சு சொல்லியிருந்தா இந்நேரம் நிம்மதியா தூங்கிக்கிட்டே வந்திருப்பேன்.

பஸ் ஏறினதுலயிருந்து தொறந்து வச்சிருக்கேன். விட்டுரலாமான்னு தோணுது. யாரு போய்ப் பாக்கப் போறா, அவங்களும் இனிமே அந்தப் பக்கம் வரமாட்டாங்க. பேரு இருந்தா மரியாதைதானே, என்ன கெட்டுப்போகுதுன்னு. நீங்க என்ன சொல்றீங்க?

ம். அவங்க வேண்டாம்னு சொன்னாங்கதான். நான் கேக்குறது அது இல்ல.

சரிதான். நீங்க சொல்றது சரிதான். எனக்கு அது இருந்தா நல்லாருக்கும், அவ்வளவுதான்.

இந்தா, எடுத்துட்டேன். பாத்தீங்களா, அவங்க பேரு போனதும் கீழ இருந்த பேரெல்லாம் தானா ஒரு வரி மேல ஏறிக்கிச்சு. அங்க ஒருத்தங்க இருந்த சுவடே இல்ல.